எடை சொல்லாத மாஸ்டர்

நாலு கிலோதான் சார் இந்தக் கோணி மூட்டை, சும்மா தூக்கி மேல வெச்சிடுங்க. எனக்கு வலது தோள் எழும்பாது, இல்லன்னா நானே வெச்சிருப்பேன். ஆங், அப்படித்தான். முட்டியில இருந்து எழும்பணும், முதுகை வளைக்கக் கூடாது. சபாஷ்! நாலு கிலோன்னு சொன்னதும் எவ்ளோ சுளுவா வெச்சிட்டீங்க பாருங்க. மூஞ்சி மட்டும் ஏன் செவந்துபோச்சு? வெயிலா இருக்கும். ஒக்காருங்க, ஜன்னல் பக்கம் நீங்களே எடுத்துக்குங்க. நான் பஸ் ஏறினா மெட்ராஸ் வரைக்கும் பேசிக்கினே வர்ற ஆளு, எனக்கு ஜன்னல் எதுக்கு?

பேரு ஏகாம்பரம். ஏகாம்பரம் மாஸ்டர்னு கேட்டா வேலூர்ல யார் வேணாலும் வழி காட்டுவாங்க. வெயிட் லிஃப்டிங் மாஸ்டர். பாலாத்தாண்ட ஒரு ஷீட்டு போட்ட கொட்டாய், அதான் நம்ம ஜிம்மு. எங்க ஊர் பக்கம் தெருவுக்கு ரெண்டு பேராவது பாரைத் தூக்குவாங்க. தூக்கறது பெரிய விஷயம் இல்ல சார். தூக்க முடியும்னு நம்ப வைக்கறதுதான் விஷயம். அது ஒரு தனி வித்தை. நான் முப்பது வருஷமா அத்தத்தான் செய்யறேன்.

இன்னிக்கு நாலு மணிக்குப் பாராட்டு விழா. சங்கவின்னு பேப்பர்ல பாத்திருப்பீங்களே, நேஷனல்ல வெள்ளி வாங்கின பொண்ணு? பாக்கலியா? பரவால்ல. நம்ம பொண்ணுதான். பதிமூணு வயசுல அவங்கம்மா கையைப் புடிச்சிக்கினு என் கொட்டாய்க்கு வந்தா. நாலு வருஷம் என்கிட்ட இருந்தா. அழைப்பு வந்துச்சான்னு கேக்கறீங்களா? தபால் எல்லாம் இப்ப லேட்டாத்தானே வருது.

வித்தை இன்னான்னு சொல்றேன், யாருக்கும் சொன்னதில்ல. பாரத்தைத் தூக்கறது கை இல்ல சார், பயம் இல்லாத மனசு. பயம் எங்கேருந்து வருது? நம்பர்ல இருந்து. எழுபது கிலோன்னு தெரிஞ்சா எழுபதுக்குப் பயப்படுவான். தெரியலன்னா? எத்தப் பாத்துப் பயப்படுவான்? அதனால என் கொட்டாயில பாருல மாட்டற அத்தினி எடை பிளேட்டுக்கும் கறுப்புப் பெயிண்டு அடிச்சிட்டேன். கலர், நம்பர், ஒண்ணியும் தெரியாது. தடிமனை வெச்சு கண்டுபுடிப்பாங்கன்னு ரெண்டு பக்கமும் கோணி போட்டு மூடிடுவேன். மாட்டறப்போ எல்லாரும் சுவத்தைப் பாத்து நிக்கணும். எந்த பிளேட்டு எவ்ளோன்னு எனக்கு மட்டும் தெரியும், ஓரத்துல அரத்தால கோடு போட்டு வெச்சிருக்கேன். எண்பது மாட்டிட்டு, "எழுபத்தி ரெண்டுதான்மா, தூக்கு"ம்பேன். தூக்கிடுவாங்க! வெறும் கோணியைத் தூக்கறா மாதிரி தூக்கிடுவாங்க.

இது என் மாஸ்டர் எனக்குக் குடுத்தது. எண்பத்தி ஆறாம் வருஷம், காலேஜுங்களுக்குள்ள போட்டி. "ஏகாம்பரம், நூத்தி இருபதுதான்டா"ன்னாரு. நம்பிப் போய் தூக்கினேன். தலைக்கு மேல போயிடுச்சு சார்! ஒரு செகண்டு நின்னேன். அப்பதான் மைக்குல நூத்தி முப்பத்தஞ்சுன்னு சொல்றாங்க. தோள்ல சடக்குன்னு ஒரு சத்தம். அன்னியோட என் ஆட்டம் முடிஞ்சுது. ஆனா நூத்தி முப்பத்தஞ்சு என் தலைக்கு மேல ஒரு செகண்டு இருந்துச்சா இல்லியா? அது யாரால? அந்த மனுசனோட வித்தையால. மைக்குதான் சார் கெடுத்துச்சு. அதனாலதான் நான் போட்டிக்குப் போனா பசங்க காதுல பஞ்சு வெச்சிடுவேன்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி கோச்சுங்களுக்கெல்லாம் மெட்ராஸ்ல ரெண்டு நாள் கிளாஸ் வெச்சாங்க. மனப் பயிற்சியாம். ஒரு டாக்டரம்மா, என் மருமக வயசு இருக்கும், ஸ்கிரீன்ல படம் போட்டுப் போட்டுக் காட்டறாங்க. நான் போனதே சர்ட்டிபிகேட்டுக்குத்தான். ஆனா சொல்லணும் சார், நல்லாத்தான் பேசினாங்க. பாதி நான் ஏற்கெனவே செய்யறதுதான்.

ஒரு குறை சொல்றதுக்கு முன்னாடி மூணு நல்லது சொல்லுங்கன்னாங்க. வந்த அன்னிக்கே ஆரமிச்சிட்டேன். "சங்கவி, டயத்துக்கு வந்துட்டே. தலையை நல்லா வாரியிருக்கே. ஷூ கயிறு டைட்டா இருக்குது. நீ தூக்கினது மட்டும் கண்றாவி." அந்தப் பொண்ணு சிரிப்பை அடக்கிக்கினு நிக்குது. சந்தோஷம் சார், பாராட்டினா யாருக்குத்தான் சந்தோஷம் இல்ல?

அப்புறம் கண்ணை மூடிக்கினு மனசுக்குள்ளயே தூக்கிப் பாக்கணுமாம். தினம் அஞ்சு நிமிஷம். நானே கூட நின்னு சொல்லிக் குடுப்பேன். "பாருகிட்டப் போறே. கால் வழுக்குது, வழுக்க விடாதே. தூக்கிட்டே, முட்டி ஆடுது, ஆட விடாதே. தலைக்கு மேல வந்துடுச்சு, தோள், தோளை விட்டுடாதே, போச்சு, போச்சு, புடி!" எனக்கே வேர்த்துடும். கண்ணைத் தெறந்து பாத்தா மத்த பசங்க எல்லாம் பேயறைஞ்சா மாதிரி நிக்கறாங்க, இவ மட்டும் அமைதியா ஒக்காந்துக்கினு இருக்கறா. "இன்னாடி பாத்தே?"ன்னா, "நான் காதுல பஞ்சு வெச்சிக்கினேன் மாஸ்டர்"ங்கறா. பாருங்க, நான் சொல்லாமயே! அவ்ளோ ஒழுக்கம்.

டாக்டரம்மா சொன்னதுலயே எனக்கு ரொம்பப் புடிச்சது ஒண்ணு. பயிற்சியைத் தோல்வியில முடிக்காதீங்க, கடைசியாத் தூக்கறது நல்லபடியா தூக்கினதா இருக்கட்டும், அந்த நெனப்போட வீட்டுக்குப் போகட்டும்னாங்க. ஆகா, இதுதாண்டா வேதம்னு தோணுச்சு. கடைசியா இன்னொண்ணும் சொன்னாங்க, பிள்ளைங்களையே கேளுங்க, கீளுங்கன்னு. அப்ப நான் சாப்பாட்டு வரிசையில நின்னுக்கினு இருந்தேன். மட்டன் பிரியாணி, லேட்டானா எலும்புதான் மிஞ்சும்.

இப்ப அந்தப் போட்டிக்கு வரேன். டிசம்பர் மாசம், ஸ்டேட் மீட்டு. சங்கவிக்குப் பதினேழு வயசு. அதுக்குப் பதினஞ்சு நாள் முன்னாடி கொட்டாயில எண்பத்தெட்டு தூக்கிட்டா சார். எண்பதுதான்னு சொல்லி வெச்சிருந்தேன். பாரைக் கீழ போட்டுட்டு என்னை ஒரு பார்வை பாத்தா. "எண்பதா மாஸ்டர்?" "எண்பதுதான்மா." "சரி மாஸ்டர்." அவ்ளோதான். எதுத்துப் பேசாத பொண்ணு.

போட்டி முறை தெரியுமா உங்களுக்கு? ஒவ்வொருத்தரும் ஆறு தடவை தூக்கணும். ஒவ்வொரு தடவையும் அடுத்து எவ்ளோ தூக்கப் போறாங்கன்னு கோச்சு போய் டேபிள்ல எழுதிக் குடுக்கணும். நாம எழுதறதுதான் பாருல ஏறும். அஞ்சு தடவை முடிஞ்சுது, அஞ்சும் நல்லாத் தூக்கிட்டா. மூணாவது எடத்துல இருக்கறா. மொத ரெண்டு பேருதான் நேஷனலுக்கு. ரெண்டாவது எடத்துல இருந்த பொண்ணு ஆறும் முடிச்சிட்டு ஒக்காந்துட்டா. நம்ம பொண்ணு கடைசித் தடவை எண்பத்தாறு தூக்கினா அவளத் தாண்டிடலாம். எண்பத்தஞ்சு பத்தாது. எண்பத்தாறு.

இவ காதுல பஞ்சு. போர்டைப் பாக்கக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன், தரையைத்தான் பாக்கணும். ஆனா அவங்கம்மா தேவகி கேலரியில ஒக்காந்துக்கினு இருக்குது. ராணிப்பேட்டையில ஷூ கம்பெனியில வேலை, தைச்சு வர்றத செக் பண்ற செக்‌ஷன். நம்பர்னா அதுங்கிட்ட தப்பாது. அங்கேருந்தே விரலைக் காட்டுது, எட்டு, அப்புறம் ஆறு. இவ பாத்துட்டு என்கிட்ட வந்தா. "மாஸ்டர், எண்பத்தாறு போடுங்க."

நாலு வருஷத்துல அவளாச் சொன்ன மொத நம்பர் சார் அது. நம்பர் தெரிஞ்சுபோச்சு! பயம் பூந்துடுமே! இத்தினி வருஷம் பொத்திப் பொத்திக் காப்பாத்தின தைரியம். "போட்டுடறேன்மா, நீ ஒக்காரு"ன்னுட்டு டேபிளுக்குப் போனேன்.

அட்டை குடுத்தாங்க. பேனாவை எடுத்தேன். மூடியே கழட்ட வரல. ஏசி குளிரு. இல்ல, அந்த ஹால்ல ஏசி இல்ல, ஆனா காத்தோட்டம் ஜாஸ்தி. எண்பத்தெட்டு தூக்கினவதான், எனக்குத் தெரியாதா? ஆனா அது கொட்டாய். இங்க லைட்டு, மைக்கு, ஜனம். எட்டு எழுதிட்டேன். அடுத்த நம்பர் எழுதப் போறப்போ என் தோள்ல அந்தச் சடக்கு சத்தம் கேட்டுச்சு சார். நெசமாவே கேட்டுச்சு. இந்தப் பொண்ணு இத்தினி ஜனத்துக்கு முன்னாடி பாரைக் கீழ போட்டுட்டு நின்னா அப்புறம் வாழ்க்கையில எழுந்துக்குவாளா? கடைசியாத் தூக்கறது நல்லபடியா தூக்கினதா இருக்கட்டும். டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. சர்ட்டிபிகேட்டே குடுத்திருக்காங்க. மூணுன்னு எழுதிட்டேன்.

எண்பத்தி மூணு. ஆமா சார். எண்பத்தி மூணு தூக்கினா மூணாவது எடம்தான். தெரிஞ்சுதான் எழுதினேன். மெடல் வரும் போகும், தன்னம்பிக்கை போனா வருமா?

திரும்பி வந்து, "எண்பத்தாறு போட்டுட்டேன்மா, போ"ன்னேன். போனா. குனிஞ்சா. பாரைத் தோள்ல வாங்கினா. அங்கேருந்து தலைக்கு மேல. சும்மா கொடியில துணி போடறா மாதிரி போட்டுட்டா சார்! எறக்கலாம்னு பஸ்ஸர் அடிச்சுது. செல்லும்னு மூணு வெள்ளை லைட்டும் எரிஞ்சுது. எல்லாரும் என்ன பண்ணுவாங்க? பாரைக் கீழ போட்டுட்டுக் குதிப்பாங்க. இவ போடல. தலைக்கு மேலயே வெச்சிக்கினு நிக்கறா. அம்பயர் "டவுன், டவுன்"னு கத்தறாரு. பஞ்சுல கேக்கலியோன்னு பாத்தேன். இல்ல, நேரா என்னையே பாத்துக்கினு நிக்கறா. நான் எண்ணினேன், ஏழு வரைக்கும் எண்ணினேன். இன்னா தன்னம்பிக்கை! பாரை எறக்கவே மனசு வராத அளவுக்குத் தன்னம்பிக்கை! என் கண்ணுல தண்ணி வந்துடுச்சு சார்.

அப்புறம் எறக்கி வெச்சா. போடல, மெதுவா எறக்கி வெச்சா, தூங்கற குழந்தையை வெக்கற மாதிரி. மேடையை விட்டு எறங்கி வந்து ரெண்டு காதுலயும் இருந்த பஞ்சை எடுத்து என் உள்ளங்கையில வெச்சா.

"மாஸ்டர், இது எண்பத்தாறு இல்ல."

"எண்பத்தாறுதான்மா."

"சரி மாஸ்டர்."

அதான் அவ என்கிட்ட கடைசியாப் பேசினது.

தம்பி கண்டக்டரு, இது பைபாஸா, காஞ்சிபுரம் உள்ள போய்த்தான் போவுமா? பைபாஸா, சரி சரி. இன்னும் நேரம் இருக்குது.

அவங்கம்மா வந்துச்சு. சண்டைக்கு வருமோன்னு பாத்தேன், அது சண்டை போடல. "மாஸ்டர், போர்டுல எண்பத்தி மூணுன்னு போட்டாங்களே?"ன்னு கேட்டுச்சு. "தேவகி, உனக்கு இதெல்லாம் புரியாதும்மா, இது மனசு சம்பந்தப்பட்ட சமாச்சாரம்"னேன். அப்ப அது பையில இருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டுச்சு. சங்கவியோட நோட்டு. நாலு வருஷமா தினம் தூக்கினது எல்லாம் எழுதி வெச்சிருக்கறா. ஒரு பக்கம் மாஸ்டர் சொன்னதுன்னு போட்டு ஒரு நம்பர், பக்கத்துல கை சொன்னதுன்னு போட்டு ஒரு நம்பர். நான் எண்பதுன்னு சொன்ன அன்னிக்கு எண்பத்தெட்டுன்னு எழுதியிருக்கறா. கோணி போட்டு, பெயிண்டு அடிச்சு, சுவத்தைப் பாக்க வெச்சு, எல்லாத்தையும் மீறி, ஒரு கிலோ கூடத் தப்பாம.

"தெரியும்னா ஏம்மா என்கிட்ட சொல்லல?"ன்னேன். தேவகி சொல்லுச்சு சார்: "நானும் கேட்டேன் மாஸ்டர். அவருக்குத் தைரியம் கொஞ்சம் பத்தாதும்மா, நம்பர் நமக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா பயந்துடுவாரு, நம்பற மாதிரியே இருந்துட்டுப் போலாம்னு சொல்லுச்சு எம்பொண்ணு."

எனக்குத் தைரியம் பத்தாதாம்! சிரிப்பா இல்ல உங்களுக்கு? நான் சிரிச்சேன். வீட்டுல சொல்லிட்டுச் சிரிச்சேன், என் சம்சாரம் சிரிக்கல. அவளுக்கு எப்பவுமே நகைச்சுவை கம்மி.

அப்புறம் பொண்ணு வரல. மெட்ராஸ்ல ஒரு மேடம்கிட்ட சேந்துட்டான்னு கேள்விப்பட்டேன். ஒரு தடவை சும்மா அந்தப் பக்கம் வேலையா போனவன், அவங்க ஹாலுக்கு வெளிய நின்னு எட்டிப் பாத்தேன். வேலை ஒண்ணியும் இல்ல, பாக்கத்தான் போனேன். பாத்தா, பிளேட்டெல்லாம் செவப்பு, நீலம், மஞ்சள்னு திருவிழாக் கடை மாதிரி இருக்குது. சுவத்துல பெரிய போர்டு, அன்னன்னிக்குத் தூக்கறத பொண்ணுங்களே எழுதறாங்க. அந்த மேடம் இன்னா பண்றாங்க தெரியுமா? "சங்கவி, அடுத்து எவ்ளோ போடலாம்?"னு அவளையே கேக்கறாங்க சார்! பொண்ணையே கேட்டா அப்புறம் கோச்சு எதுக்கு? அவ ஒரு நம்பர் சொல்றா. மாட்டறாங்க. தூக்கறா, முடியல, கீழ விழுது. விழுந்துடுச்சு சார், என் கண்ணு எதிர்ல! நான் ஜன்னல் கம்பியைப் புடிச்சிக்கினேன். அவ இன்னா பண்ணா? கையைத் தட்டிட்டு, தண்ணி குடிச்சிட்டு, "இன்னொரு வாட்டி மேடம்"ங்கறா. சிரிச்சிக்கினு. அவ என் கொட்டாயில அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல.

இதோ பாருங்க, பேப்பர் கட்டிங்கு. வெள்ளி வாங்கினப்போ குடுத்த பேட்டி. லேமினேட் பண்ணி வெச்சிருக்கேன். படிங்க, சத்தமா படிங்க. சரி, நானே படிக்கறேன். 'உங்கள் தன்னம்பிக்கைக்குக் காரணம் யார்?' அவ பதில்: 'எங்கள் ஊர் ஜிம்மில் தட்டுகளில் எண்ணே இருக்காது. கையில் எடுத்தால்தான் எடை தெரியும். அதனால் நான் எவ்வளவு தூக்குவேன் என்று வேறு யார் சொன்னாலும் நம்புவதில்லை. என் கையைத்தான் நம்புகிறேன்.'

பாத்தீங்களா? நம்ம ஜிம்மைச் சொல்லியிருக்கறா! என் பேரு போடல, எடம் பத்தியிருக்காது. இத்த எத்தினி பேருக்குக் காட்டியிருக்கேன் தெரியுமா? எல்லாரும் "அடடா மாஸ்டர்"ங்கறாங்க. எங்க தெருவுல பேங்குல வேலை செய்யற ஒருத்தர் மட்டும் ரெண்டு தடவை படிச்சிட்டு என் மூஞ்சியை ஒரு மாதிரி பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துட்டாரு. நீங்களும் அதே மாதிரிதான் பாக்கறீங்க.

பூந்தமல்லி வந்துடுச்சா? நீங்க இங்கியா எறங்கணும்? அடடா.

சார், ஒரு நிமிஷம். அந்தக் கட்டிங்கு வந்த அன்னிலேருந்து எனக்குச் சோறு எறங்கல. எண்பத்தாறு எழுதியிருக்கலாம் சார். தூக்கியிருப்பா. எனக்கு அன்னிக்கே தெரியும், பேனா கையில இருக்கறப்பவே தெரியும். அவளுக்கு ஒரு வருஷம் நேஷனல் போறது நின்னுபோச்சு, அது என்னாலதான். போன்ல சொல்லிடலாம்னு நாலு தடவை நம்பர் போட்டேன், மணி அடிக்கறதுக்குள்ள வெச்சிட்டேன். இன்னிக்கு நேர்ல பாத்து சொல்லிடலாம்னு போறேன். கடைசி வரிசையில நின்னுக்கினு, கூட்டம் கலைஞ்சதும். 'எண்பத்தி மூணுதான்மா'. இந்த ஒரு வார்த்தை. வேலூர்லேருந்து மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்துக்கினே வரேன், கண்ணை மூடினா அவ மூஞ்சியைத் திருப்பிக்கறா மாதிரியே தெரியுது.

அந்தக் கோணி மூட்டையைக் கொஞ்சம் எறக்கிக் குடுத்துட்டுப் போங்க சார். அவளுக்குத்தான். கொட்டாயில இருந்து ஒரு பிளேட்டு. ஒரு வாரமா ஒக்காந்து பெயிண்டைச் சொரண்டினேன், நம்பர் பளிச்சுனு வந்துடுச்சு.

இருங்க, இருங்க. கையை வெக்காதீங்க. ஏத்தறப்போ உங்ககிட்ட நாலு கிலோன்னு சொன்னேன் இல்ல? நாலு இல்ல சார். பத்து. பத்து கிலோ. இப்பச் சொல்லிட்டேன், பாத்துத் தூக்குங்க.

ஆங்... மெதுவா... வந்துடுச்சு.

சொல்லியும் தூக்கிட்டீங்களே சார்.